பேரிடரில் பேசும் வானலை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

செல்பேசி இல்லாத மனிதரை இன்று காண்பது அரிது. உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்று பெருமையோடு பேசிக்கொள்கிறோம். அந்த உள்ளங்கை உலகம் ஒரே இரவில் ஊமையாகிப் போனால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அன்று. காவிரிக் கடைமடையில் பிறந்த என் போன்றோர் பட்டு அறிந்த உண்மை.

2018 நவம்பர் 16ஆம் நாள், நள்ளிரவு கடந்த நேரத்தில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. விடிந்து பார்த்தபோது எங்கள் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மின்கம்பங்கள் தெருவில் கிடந்தன. செல்பேசியில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவத்துக்காக அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். 17ஆம் நாள் இரவு அவளுக்கு வலி கண்டது. 108ஐ அழைக்க வீட்டில் மூன்று செல்பேசிகள் இருந்தன. மூன்றும் பயனற்றுப் போயின. அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டார் இருவரும் அக்காவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். நான் டார்ச் லைட்டோடு முன்னே நடந்தேன். விழுந்து கிடந்த மரங்களை ஏறியும் சுற்றியும் ஆறு கிலோமீட்டர் கடந்து தார்ச் சாலையை அடைந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது.

சாலையில் மரம் அறுக்கும் ஆட்களுடன் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. ஏட்டய்யா ஒருவர் கட்டிலைப் பார்த்ததும் ஜீப்பில் இருந்த வயர்லெஸ் மைக்கை எடுத்து இரண்டே வாக்கியம் பேசினார். மறுமுனையிலிருந்து கரகரத்த குரலில் பதில் வந்தது. முக்கால் மணி நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. அன்று பகலில் பிறந்த பெண் குழந்தை இன்று பள்ளிக்குப் போகிறாள்.

ஊரெல்லாம் செல்பேசிகள் செத்துக் கிடந்தபோது அந்த ஜீப்பில் இருந்த பெட்டி மட்டும் எப்படிப் பேசியது? கல்லூரியில் முதலாண்டில் மின்காந்த அலைகள் பற்றிய பாடம் நடந்தபோது இக்கேள்வியை எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்து அறிந்ததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்பேசி ஊமையாவது ஏன்?

செல்பேசியும் ஒரு வானொலிக் கருவியே என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஆனால் அதன் வானலை செல்வது அருகிலுள்ள கோபுரம் வரைதான். சென்னையில் இருக்கும் தம்பியோடு நாம் பேசும்போது, நம் குரல் சில கிலோமீட்டர் காற்றில் சென்று கோபுரத்தை அடைகிறது. அதன்பின் மண்ணுக்கடியில் புதைத்த கண்ணாடி இழை வழியாகவோ, கோபுரத்துக்குக் கோபுரம் தாவும் நுண்ணலை வழியாகவோ இணைப்பகத்துக்குப் போகிறது. அங்கிருந்து மீண்டும் இழை, மீண்டும் கோபுரம், அதன்பின்னரே தம்பியின் காது.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். புயலில் பல கண்ணிகள் ஒரே நேரத்தில் அறுகின்றன. மின்சாரம் நின்றதும் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். சாலையெங்கும் மரம் கிடந்தால் டீசல் வண்டி எப்படி வரும்? வேரோடு சாயும் மரம் மண்ணிலுள்ள இழையையும் அறுத்துக்கொண்டு வரும். தப்பிப் பிழைத்த கோபுரம் ஒன்றிரண்டு இருந்தாலும், சுற்றுப்புறத்தார் அனைவரும் அதையே நாடுவர். ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் தாங்கும் என்று கணக்கு உண்டு. எனவே நெரிசலிலேயே அது செயலிழந்து போகும்.

ஜீப்பில் இருந்த பெட்டியின் கதை வேறு. அதற்கு வேண்டிய மின்சாரம் ஜீப்பின் பேட்டரியிலேயே உண்டு. அது அனுப்பும் அலை காவல் நிலையத்தின் ஏரியலுக்கு நேரே போகிறது. இடையில் மண்ணில் புதைத்த இழை இல்லை. ஆயிரம் பேர் முட்டி மோதும் இணைப்பகமும் இல்லை. பேசுவதற்கு வேண்டிய அனைத்தையும் இரு முனைகளுமே தம்மிடம் வைத்திருக்கின்றன. பேரிடர்க் கால வானொலியின் அடிப்படை இதுவே.

நேரே செல்லும் அலை

எல்லா வானலையும் ஒரே வழியில் செல்வதில்லை. வழியை முடிவு செய்வது அதிர்வெண். 300ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும்; அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எடுத்துக்கொள்ள வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 40 மீட்டருக்குச் சற்று அதிகம்.

போலீஸ் ஜீப்பிலும் வாக்கி-டாக்கியிலும் பயன்படுபவை சிறிய நீளமுள்ள அலைகள். இவை ஒளியைப் போல் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். பூமி உருண்டை ஆதலால் அடிவானத்துக்கு அப்பால் இருப்பவருக்கு இவை எட்டா. எட்டும் தொலைவை எளிய கணக்கால் அறியலாம். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும்.

தரையில் நிற்பவர் கையிலுள்ள வாக்கி-டாக்கியின் உயரம் ஒன்றரை மீட்டர். அதன் அடிவானம் 5 கிலோமீட்டர். இருவரும் தரையில் நின்றால் 10 கிலோமீட்டருக்கு மேல் பேச இயலாது. தோப்பும் கட்டடமும் மறைத்தால் இதிலும் பாதி குறையும். அவர்களுள் ஒருவர் 16 மீட்டர் உயரமுள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏரியலைக் கட்டினால் அவருடைய அடிவானம் மட்டும் 16 கிலோமீட்டர் ஆகிறது. மற்றவருடைய 5ஐயும் கூட்ட, 21 கிலோமீட்டர் வரை பேசலாம். கருவியின் விலையைவிட ஏரியலின் உயரம் முக்கியம் என்பது இதனால் விளங்கும். எங்கள் பகுதி போன்ற சமவெளியில், ஒன்றியத்துக்கு இரண்டு மூன்று உயரமான இடங்களைத் தேர்ந்து வைத்தால் ஊருக்கு ஊர் செய்தி அனுப்ப இவ்வலைகளே போதும்.

வானத்தில் பட்டுத் திரும்பும் அலை

ஆனால் மாவட்டம் முழுவதுமே முடங்கிப்போய், 200 கிலோமீட்டருக்கு அப்பால் உதவி கேட்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? அங்கேதான் சிற்றலை கைகொடுக்கிறது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளைச் சிற்றலை என்கிறோம்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை பரவியுள்ளது அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு தனித்துத் திரியும் எலக்ட்ரான்கள் சிற்றலையை வளைத்துப் பூமிக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மனிதன் ஒரு காசும் செலவிடாமல் இயற்கை நமக்குத் தந்துள்ள கோபுரம் இது. எந்தப் புயலும் இதைச் சாய்க்க இயலாது.

இம்மண்டலத்தின் அடித்தளம் பகலில் சிற்றலையின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். அதிர்வெண் குறையக் குறைய இவ்வுறிஞ்சல் மிகும். இரவில் அந்த அடித்தளம் மறைந்துவிடும். எனவேதான் பகலில் கேளாத தொலைதூர நிலையங்கள் இரவில் நம் டிரான்சிஸ்டரில் தெளிவாகக் கேட்கின்றன. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுவோர் இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குவதும் உண்டு.

அலையைச் சாய்வாக அனுப்பினால் அது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் இறங்கும். இடையில் இருப்பவருக்கு எதுவும் கேளாது. அடுத்த மாவட்டத்துக்குப் பேச வேண்டியவர் இதனால் ஏமாந்து போவார். இதற்கும் வழி உண்டு. ஏரியல் கம்பியை மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் தாழக் கட்டினால் அலையின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போய், நீரூற்றுப் போல் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் வட்டத்தில் பொழியும். மலை மறைத்தாலும் கவலையில்லை. அலை மேலிருந்து வருகிறதல்லவா? வாக்கி-டாக்கிக்கு ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. அடுத்த மாவட்டத்தோடு பேசும் சிற்றலைக்கோ தாழ்வே நல்லது. இந்த வேறுபாட்டை அறிந்தவரே பேரிடரில் பயன்படுவார்.

அந்தமானில் நடந்தது

இவ்வறிவியல் உயிர் காக்கும் பணியில் இறங்கியதற்குச் சிறந்த சான்று அந்தமான் தீவுகளில் உண்டு.

உரிமம் பெற்றுத் தம் சொந்தக் கருவியால் உலகெங்கும் பேசி மகிழும் ஆர்வலர்களை ஹாம் வானொலியாளர்கள் என்பர். அவர்களுக்கு இதில் ஊதியமும் இல்லை, வணிகமும் இல்லை. அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக்கு அனுமதி இல்லாதிருந்தது. விடாமுயற்சியால் அனுமதி பெற்று, பாரதி பிரசாத் என்னும் பெண்மணி 2004 டிசம்பரில் ஒரு குழுவுடன் போர்ட் பிளேர் சென்றார். அந்நகருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் அவர்கள் சென்றிருந்தனர். அபூர்வமான அந்தத் தீவிலிருந்து வரும் குரலைப் பிடிக்க உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் காத்துக் கிடந்தனர். அதுவரை அது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவே.

டிசம்பர் 26ஆம் நாள் காலை, நம் நேரப்படி 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ரா தீவுக்கருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 9க்கும் மேல். அதைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நான் பிறப்பதற்கு முன் நடந்த அத்துயரத்தைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அதே காலையில் அந்தமானில் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. பாரதி பிரசாத் தம் கருவியை விடுதி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, மாற்று மின்சாரத்தில் இயக்கி, நிலப்பரப்பிலுள்ள ஹாம் நண்பர்களை அழைத்தார். போர்ட் பிளேரிலிருந்து சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இருந்தும் அயனி மண்டலம் அவர் குரலைக் கொண்டு சேர்த்தது.

தீவில் யார் நலம், யாரைக் காணவில்லை, என்ன வேண்டும் என்ற செய்திகள் அவ்வழியே போகத் தொடங்கின. ஊரில் தவித்த உறவினர்களுக்கு நலச் செய்தி போய்ச் சேர்ந்தது. பேரழிவுக்குள்ளான கார் நிகோபார் தீவுக்கும் ஹாம் வானொலியாளர்கள் கருவியோடு சென்றனர். அத்தீவு போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. முன்னர் சொன்ன கணக்கின்படி வாக்கி-டாக்கியால் எட்டவே முடியாத தொலைவு. சிற்றலைக்கோ அது பக்கத்து வீடு.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நிலநடுக்கம் வந்த பிறகு கருவியைக் கொண்டுவர முயன்றிருந்தால் அந்த முதல் மணி நேரங்கள் வீணாகியிருக்கும். கருவி முன்பே அங்கிருந்தது. இயக்கத் தெரிந்தவரும் அங்கிருந்தார். மூன்று வாரப் பழக்கத்தில் எந்நேரத்தில் எந்த அலை எங்கே எட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அன்று அங்கிருந்தது தற்செயல். தற்செயலாய் வாய்த்ததை ஏற்பாடாக மாற்றுவதே நம் கடமை.

1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலிலும், 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்திலும் ஹாம் வானொலியாளர்கள் இவ்வாறே பணியாற்றினர். 2024 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டில் மண் சரிந்தபோதும் கல்பெட்டாவில் நிலையம் அமைத்துச் செய்தி அனுப்பினர்.

இருபது மீட்டர் கம்பி

இதற்கெல்லாம் பெரும் பொருட்செலவு ஆகுமே என்று நண்பர்கள் அஞ்ச வேண்டாம். ஏரியல் என்பது வெறும் செப்புக் கம்பியே. அலைநீளத்தில் பாதி இருந்தால் போதும். கம்பியில் அலை சற்று மெதுவாகச் செல்வதால் அதிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டால் 20 மீட்டர் வரும். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராகக் கட்டி, நடுவிலிருந்து கேபிளைக் கருவிக்கு இறக்கினால் ஏரியல் ஆயிற்று. கோபுரம் சாய்ந்தால் நிமிர்த்த மாதக்கணக்கில் ஆகும். இக்கம்பி அறுந்தால் இரண்டு மூங்கில் கழிகளில் அரை மணி நேரத்தில் மீண்டும் கட்டிவிடலாம்.

மின்சாரத்துக்கு ஒரு 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி போதும். 100 வாட் கருவி பேசும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். கேட்கும்போது ஓர் ஆம்பியர்தான். மணிக்கு ஐந்து நிமிடம் பேசி மற்ற நேரம் கேட்டால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி அடியோடு இறங்காமலே ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். ஆற்றலைக் குறைத்துப் பேசினால் இன்னும் நீளும். சூரியத் தகடு ஒன்று இருந்துவிட்டால் மின்வாரியத்தையே எதிர்பார்க்க வேண்டியதில்லை.

குரல் தெளிவாகக் கேளாத நேரத்தில் மோர்ஸ் குறி உதவும். பேச்சுக்கு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸ் சில நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். குறுகிய இடத்தில் ஆற்றல் முழுவதும் திரள்வதால் இரைச்சலுக்கு நடுவிலும் அது காதில் விழும். நூறாண்டு கடந்த அக்கலை இன்றும் வழக்கொழியாததற்குக் காரணம் இதுவே.

பேசுவதற்கும் ஒழுங்கு வேண்டும்

கருவி இருந்தால் மட்டும் போதாது. இதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு. இருவர் ஒருங்கே அழுத்தினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே ஒரு நிலையம் தலைமை ஏற்கும். பிற நிலையங்கள் அதன் அனுமதி கேட்டே பேசும். உயிர் போகும் அவசரம் என்றால் மட்டும் இடைமறிக்கலாம். செய்தியை முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். யாரிடமிருந்து, யாருக்கு, எந்நேரம், என்ன வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். கேட்டவர் அதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். இன்சுலின் பத்து என்பது இருபது என்று போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அன்று ஏட்டய்யா இரண்டே வாக்கியத்தில் முடித்தது ஏன் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இவ்வானொலி செல்பேசிக்கு மாற்று ஆகிவிடாது. ஆயிரம் பேர் தத்தம் உறவினரோடு பேசும் வசதி இதில் இல்லை. ஓர் ஊருக்கு ஒரு குரல், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு குரல் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்.

நாம் செய்யக் கூடியது

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே இதை இயக்கலாம். 12 வயது நிறைந்த எவரும் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளுமே பாடம். இயற்பியல் மாணவர்க்கு இது கடினமன்று. பிற துறை நண்பர்களும் சில மாத உழைப்பில் தேறிவிடலாம்.

நம் கல்லூரியில் மொட்டை மாடி உண்டு; ஆய்வகம் உண்டு; வழிகாட்டப் பேராசிரியர்கள் உண்டு. கடலோர ஊர்களிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகும் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கல்லூரிக்கு ஒரு நிலையம் அமைத்து, ஆண்டுதோறும் பத்துப் பேர் உரிமம் பெற்றால் போதும். ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள் எல்லோரும் தத்தம் ஊரிலிருந்து பேசிப் பழகிப் பார்க்கலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இதுதான். முதல்வர் அவர்களும் துறைத் தலைவர் அவர்களும் இதற்கு ஆவன செய்ய வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இந்தப் படிப்பால் என்ன பயன் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. இக்கட்டுரைக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில் இது என்னவென்று விசாரித்தார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்ப்பா, அன்னிக்கி நம்ம ஊர்லயே இந்தப் பெட்டி ஒண்ணு இருந்திருந்தா அக்காவ அவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு அலஞ்சிருக்க வேணாமே?" என்றார்.

ஆம் அப்பா, வேண்டாம். இனி எந்த வீட்டுக்கும் அந்த நடை வேண்டாம் என்பதற்காகவே நான் அத்தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் இயற்பியல் துறைக்கு வாருங்கள்.